காலிப் பெட்டி திரும்பி வந்தாக வேண்டும்: செல்லுக்குள் ஒரு புரதத்தின் வேலை

குளச்சல் துறைமுகத்தில் ஏலம் நடக்கிற நேரத்தில் போய் நின்றால் கண் மீனைத்தான் பார்க்கும். சாளை, நெத்திலி, அயலை, கணவாய் என்று குவியல் குவியலாகக் கிடக்கும். ஏலம் விடுகிறவரின் குரலும் காக்காய்ச் சத்தமும் போட்டி போடும். ஆனால் மீன் வாங்கி விற்கிறவர்களின் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது பெட்டிக் கணக்கு.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் வரவில்லை. கடலில் மீன் இல்லையா என்று மறுநாள் கேட்டேன். "மீனெல்லாம் கெடந்துது. முந்தாநாள் போன பெட்டி ஒண்ணும் திரும்பி வரல்ல. மடியிலயா கட்டிக் கொண்டுவர முடியும்?" என்றார்.

அதே வாரம்தான் பிளஸ் டூ படிக்கும் தங்கை மகள் உயிரியல் நோட்டோடு வந்தாள். "மாமா, செல்லுக்குள்ள எண்டோசோம்னு ஒண்ணு இருக்காம். லைசோசோம் தெரியும், கோல்கி தெரியும். இது என்ன வேலை செய்யுது?" செல் உயிரியல் படித்தவன் என்ற கெத்தில், "மக்களே, அங்கதான் காலிப் பெட்டியத் திருப்பி அனுப்புற வேலை நடக்குது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவள் விடுவாளா? அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புத்தகத்தில் இருக்கும் செல்லின் படம் அசையாது. நடுவில் உட்கரு, சுற்றி நாலைந்து உறுப்புகள், எல்லாவற்றையும் வளைத்து ஒரு கோடு. அந்தக் கோடுதான் செல் சவ்வு. உயிருள்ள செல்லில் அந்தக் கோடு ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. அங்கங்கே உள்நோக்கிக் குழியும், குழி ஆழமாகும், வாய் சுருங்கும், கடைசியில் சின்ன உருண்டையாகக் கழன்று உள்ளே விழும். விழும்போது செல்லுக்கு வெளியே இருந்த சத்தையோ ஹார்மோனையோ கூடவே அள்ளிக்கொள்ளும். இதற்கு எண்டோசைட்டோசிஸ் என்று பெயர். 1963இல் இந்தச் சொல்லை உருவாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ். செல்லின் செரிமானப் பையான லைசோசோமைக் கண்டுபிடித்தவரும் இவர்தான்.

அப்படிக் குழிய வைப்பதில் முக்கியமான ஒரு புரதத்தின் பெயர் கிளாத்ரின். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கால். பல துண்டுகள் காலோடு கால் பின்னி, ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கண் விட்டு, சவ்வைச் சுற்றி ஒரு கூடை முடைந்துவிடும். பனையோலையில் கடவம் முடைகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 1976இல் இதற்குப் பெயர் வைத்தவர் பார்பரா பியர்ஸ். கூடையின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இப்படி 10,000 கூடைகளை வரிசையாக வைக்கலாம்.

செல் தனக்கு வேண்டியதை எப்படித் தெரிந்து எடுக்கிறது? சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் நட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சரக்கைத்தான் பிடிக்கும். இந்த ஏற்பிதான் நம் கதையின் பெட்டி. பெட்டி எத்தனை தடவை போய் வருகிறது என்று முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும். கெட்ட கொழுப்பு என்று நாம் திட்டும் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பியை இவர்கள் ஆராய்ந்தார்கள். அது சரக்கோடு உள்ளே போய், இறக்கிவிட்டு, மறுபடி மேலே வந்து நிற்க ஏறத்தாழ 10 நிமிடம் ஆகிறது. அதன் ஆயுள் ஏறத்தாழ 20 மணி நேரம். கணக்குப் போட்டால் நூறு தடவைக்கு மேல் போய் வருகிறது. இந்த ஆராய்ச்சிக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பெட்டியாக இருந்திருந்தால் செல் நாள் முழுக்கப் பெட்டி செய்துகொண்டேதான் இருக்க வேண்டும். மீன் பிடிக்க நேரம் இருக்காது.

உள்ளே விழுந்த உருண்டைகள் ஒன்றோடொன்று கலந்து சேரும் இடம்தான் எண்டோசோம். அதை ஓர் அறை என்று நினைத்தால் பாதிதான் சரி. வருவதும் போவதும் பிரிப்பதுமாக, ஏலம் நடக்கும் தளம் மாதிரியான இடம் அது. அங்கே வந்து சேர்ந்ததற்கு முக்கியமாக மூன்று வழி உண்டு. ஒன்று, வந்த வழியே மேலே திரும்பிச் செல் சவ்வுக்குப் போவது. இன்னொன்று, லைசோசோமுக்குப் போய்ச் செரிக்கப்படுவது. மூன்றாவது வழி உள்பக்கமாக, புரதங்களைப் பிரித்து அனுப்பும் உறுப்பான கோல்கிக்குப் போகிறது. படகு வந்து சேரும் தளத்தில் நல்ல மீன் சந்தைக்கு, கழிசல் மீன்தூளுக்கு, காலிப் பெட்டி வந்த இடத்துக்கு என்று பிரிவதைப் போலத்தான்.

பிரிப்பதற்கு முன்னால் சரக்கும் பெட்டியும் விட்டுப் பிரிய வேண்டுமே. அதற்குச் செல் ஒரு சுலபமான வேலை செய்கிறது: புளிப்பேற்றுகிறது. எண்டோசோமின் சவ்வில் உள்ள சிறு பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். செல்லுக்கு வெளியே பிஎச் அளவு 7.4 வாக்கில் இருக்கும். எண்டோசோமில் அது 6 பக்கம் இறங்கும், லைசோசோமுக்குள் 5க்கும் கீழே போகும். புளிப்பு ஏறும்போது ஏற்பியின் வடிவம் லேசாக மாறி, பிடித்திருந்த சரக்கை நழுவ விடுகிறது. எல்டிஎல் நழுவுவதும் இப்படித்தான்.

இப்போது சரக்கு எண்டோசோமின் உள்ளே திரவத்தில் மிதக்கிறது. பெட்டி சவ்வில் நட்டபடி நிற்கிறது. பெட்டியை மட்டும் எப்படித் தனியாக எடுப்பது?

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் பாதி வேலையை வெறும் வடிவமே செய்துவிடுகிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உருண்டை. மேலே மெல்லிய மாவுத்தோல், உள்ளே நிறையப் பயறும் வெல்லமும். அதே மாவை ஓமப்பொடி அச்சில் பிழிந்தால்? எல்லாம் வெளிப்புறம்தான், உள்ளே என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. எண்டோசோமும் இந்த இரண்டு வடிவத்தையும் வைத்திருக்கிறது. நடுவில் உருண்டை, அதிலிருந்து நீளும் மெல்லிய குழாய்கள். 400 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையையும் 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள நீளக் குழாயையும் ஒப்பிட்டால், அதே அளவு திரவத்துக்குக் குழாயில் ஆறரை மடங்குக்கும் மேலாகச் சவ்வு இருக்கும். எனவே குழாய் அறுந்து போகும்போது சவ்வும் அதில் நட்ட ஏற்பிகளும் நிறையப் போகின்றன. திரவமும் அதில் மிதக்கும் சரக்கும் பெரும்பாலும் உருண்டையிலேயே தங்கிவிடுகின்றன. உருண்டை பிறகு முதிர்ந்து லைசோசோமோடு கலக்கும்.

ஆனால் வடிவத்தை மட்டும் நம்பினால் காரியம் நடக்காது. எந்தப் பெட்டி எந்தக் குழாயில் ஏற வேண்டும் என்று பார்த்து ஏற்ற ஆள் வேண்டும். அந்த ஆள்களில் முக்கியமானதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதன் பெயர் விபிஎஸ்35. அது தன் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து அமைக்கும் கூட்டுக்கு ரெட்ரோமர் என்று பெயர்.

ஈஸ்ட் சொல்லிக்கொடுத்த பாடம்

விபிஎஸ்35 என்ற பெயரைக் கேட்டால் ஏதோ ராக்கெட் மாதிரி இருக்கிறது என்றாள் மருமகள். பெயரில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ரொட்டிக்கும் ஆப்ப மாவுக்கும் போடுகிறோமே, அந்த ஈஸ்ட்டில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த பெயர்தான்.

ஈஸ்ட் செல்லில் லைசோசோமின் வேலையைச் செய்வது வாக்குவோல் என்ற பெரிய பை. அதற்குள் செரிக்கும் நொதிகள் போய்ச் சேர வேண்டும். 1980களில் ஸ்காட் எம்ர் உள்ளிட்டவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இந்த நொதி வாக்குவோலுக்குப் போகாமல் செல்லுக்கு வெளியே கொட்டிவிடுகிற ஈஸ்ட் வகைகளைத் தேடிப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மரபணு கெட்டுப்போயிருக்கும். வாக்குவோலுக்குப் புரதத்தைப் பிரித்து அனுப்புவது சம்பந்தப்பட்ட மரபணு என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் விபிஎஸ். எண்கள் வெறும் வரிசை எண்கள். நாற்பதுக்கும் மேல் அகப்பட்டன.

அதில் 10ஆம் எண்ணுக்காரர் ஓர் ஏற்பி. கோல்கியில் நொதியைப் பிடித்து, எண்டோசோமில் இறக்கிவிட்டு, காலியாகக் கோல்கிக்குத் திரும்புவதுதான் அதன் பிழைப்பு. 35ஆம் எண் கெட்டுப்போன ஈஸ்ட்டில் என்ன நடந்தது? 10ஆம் எண் ஏற்பி எண்டோசோம் வரை ஒழுங்காகப் போயிற்று, ஆனால் திரும்பவில்லை. வாக்குவோலுக்குள் விழுந்து அங்கேயே செரிக்கப்பட்டுவிட்டது. கோல்கியில் நொதி குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போகப் பெட்டி இல்லை. நொதி செல்லுக்கு வெளியே வழிந்து போனது.

மீன்கார அக்கா சொன்ன கதைதான். மீனெல்லாம் கிடக்கிறது, பெட்டி திரும்பவில்லை.

1998இல் மேத்யூ சீமனும் எம்ரும் மற்றவர்களும் சேர்ந்து, இந்தத் திரும்பும் பயணத்துக்குத் தேவையான புரதங்கள் ஒன்றாகக் கூடி நிற்பதைக் காட்டினார்கள். 35, 29, 26 ஆகிய மூன்றும் ஒரு கூட்டு. 5, 17 ஆகிய இரண்டும் இன்னொரு கூட்டு. இவை சேர்ந்த மொத்தத்துக்குத்தான் ரெட்ரோமர் என்று பெயர் வைத்தார்கள். பின்னோக்கி என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் மனித செல்லைப் பற்றிப் பேசும்போது முதல் மூன்றை மட்டும் ரெட்ரோமர் என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. பழைய கட்டுரைகளையும் புதியவற்றையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இதில் தடுக்கி விழுவதுண்டு, நானும் விழுந்திருக்கிறேன்.

மனிதர்களாகிய நமக்கும் இதே ஏற்பாடு இருக்கிறது. நம் லைசோசோமில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கோல்கியில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை முத்திரை குத்தப்படும். அந்த முத்திரையைப் பிடிக்கும் ஏற்பி நொதியை எண்டோசோம் வரை கொண்டுபோய், புளிப்பில் கைவிட்டு, காலியாகத் திரும்பும். இந்த ஏற்பியைத் திருப்பிக் கொண்டுவருவது ரெட்ரோமர்தான் என்று பல ஆண்டுகள் எல்லாரும் எழுதினார்கள். 2017இல் வந்த ஆராய்ச்சிகள் அதைக் கிளறிவிட்டன. ஈஸ்ட்டின் 5, 17 எண்களுக்கு உறவான புரதங்களே, 35ஆம் எண் இல்லாமலும், அந்த ஏற்பியைப் பிடித்துத் திருப்புகின்றன என்று அவை காட்டின. வாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை. ஈஸ்ட்டில் ஒரே கூட்டாக இருந்தவர்கள் நம் செல்லில் தனித்தனியாகவும் தொழில் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் எழுதிய எழுத்து

சரி, விபிஎஸ்35 பார்க்க எப்படி இருக்கும்? புரதச் சங்கிலியின் கண்ணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். அவை 796 கொண்ட நீளமான, லேசாக வளைந்த புரதம் இது. சிறு சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போன்ற கட்டமைப்பு. ஒரு முனையை விபிஎஸ்26 பிடித்துக்கொள்ளும், மறுமுனையில் விபிஎஸ்29 உட்காரும். மூன்றில் பெரியதும், மற்ற இரண்டையும் தாங்குவதும் 35தான். அது இல்லாவிட்டால் கூட்டே நிற்காது.

உறைநிலையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பல கோணங்களில் படம் எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதன் மூலம் 2018இல் ரெட்ரோமர் சவ்வின்மேல் எப்படி நிற்கிறது என்பது தெரியவந்தது. சவ்வுக் குழாயின் மேல் வளைவு வளைவாக, கோயில் மண்டபத்துத் தோரண வளைவு மாதிரி நிற்கிறது. விபிஎஸ்26 கீழே சவ்வுப் பக்கம் பாதம் ஊன்றியிருக்கிறது. இரண்டு விபிஎஸ்35கள் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்ந்து உச்சியில் சேர்கின்றன. இப்படி வளைவுகள் அடுத்தடுத்து நிற்கும்போது அடியில் இருக்கும் சவ்வு குழாயாக நிலைக்கிறது. ஓமப்பொடி அச்சு என்று மேலே சொன்னேனே, அதில் இவருக்கும் பங்கு உண்டு.

ஆனால் ரெட்ரோமருக்குத் தானாகச் சவ்வில் ஒட்டத் தெரியாது. எண்டோசோமின் சவ்வில் ராப்7 என்ற சிறு புரதம் இருக்கும்; அது கூப்பிட வேண்டும். அப்புறம் நெக்சின் குடும்பத்துப் புரதங்கள் கைகொடுக்க வேண்டும். இவை எண்டோசோம் சவ்வில் மட்டும் நிறைய இருக்கும் ஒருவகைக் கொழுப்பை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். இடம் எண்டோசோம்தான் என்பது உறுதியாவது அதனால்தான்.

மீன் பெட்டிகளைக் கவனித்திருந்தால் தெரியும்: ஒவ்வொரு வியாபாரியின் பெட்டியிலும் பெயின்ட்டால் இரண்டு எழுத்தோ ஒரு நிறக் கோடோ இருக்கும். கூட்டத்தில் பெட்டி மாறாமல் திரும்புவது அந்த எழுத்தால்தான். ஏற்பிகளுக்கும் அப்படியே. ஏற்பியின் வால் சவ்வைத் துளைத்து செல்லின் உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் சில அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் இருந்தால் அதுவே எழுத்து. நெக்சின்3 என்ற கூட்டாளி ஒரு வகை எழுத்தை, ரெட்ரோமரோடு சேர்ந்து, வாலின் இடைப்பகுதியில் படிக்கும். அப்படிப் படித்த பெட்டிகள் கோல்கிப் பக்கம் போகும். நெக்சின்27 வாலின் கடைசி நுனியைப் படிக்கும். அந்தப் பெட்டிகள் நேராகச் செல் சவ்வுக்கே திரும்பும்.

நெக்சின்27 வழியாகத் திரும்புகிறவர்களில் நமக்குப் பழக்கமானவர்கள் உண்டு. பயந்தால் நெஞ்சு படபடக்கவைக்கும் அட்ரினலினுக்கு உரிய ஏற்பிகளில் ஒன்று அதில் சேர்த்தி. ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே விடும் கதவுகளில் ஒன்றான குளூட்1ம் அப்படித்தான். ரெட்ரோமர் இல்லாத செல்லில் இந்தக் கதவு மேற்பரப்பில் குறைந்து, லைசோசோமில் போய் அழிகிறது.

அழிவுக்குப் போக வேண்டியவற்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை வாலில் மாட்டிவிடுவார்கள். அதைப் பார்த்ததும் எஸ்கார்ட் என்ற வேறொரு கூட்டம் வந்து, அந்த இடத்துச் சவ்வை எண்டோசோமுக்கு உள்பக்கமாகவே உருண்டையாகத் தள்ளிவிடும். பைக்குள் பையாக அது லைசோசோமுக்குப் போகும். எஸ்கார்ட்டின் கதையும் ஈஸ்ட்டிலிருந்து, அதே விபிஎஸ் பட்டியலிலிருந்து வந்ததுதான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. எண்டோசோமில் பெட்டிகள் சேரும் பகுதியை மற்றப் பகுதியிலிருந்து பிரித்து வைக்கவும், குழாயை இழுத்து அறுக்கவும் பலம் வேண்டும். அதற்கு வாஷ் என்ற புரதக் கூட்டை விபிஎஸ்35 அழைத்து வருகிறது. வாஷ் அங்கே ஆக்டின் இழைகளைக் கிளை கிளையாக வளர்க்கும். நம் தசையில் இருப்பதும் ஆக்டின்தான், இங்கே அது சவ்வைத் தள்ளும் முட்டுக்கட்டையாக வேலை செய்கிறது.

620ஆம் இடத்தில் ஒரு மாற்றம்

இவ்வளவும் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரமாகவே இருந்தது. 2011இல் நிலைமை மாறியது. பரம்பரையாகப் பார்க்கின்சன் நோய் வந்துகொண்டிருந்த ஒரு சுவிட்சர்லாந்துக் குடும்பத்தையும் ஓர் ஆஸ்திரியக் குடும்பத்தையும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஆராய்ந்தன. இரண்டு பேருக்கும் கிடைத்த விடை ஒன்றே. விபிஎஸ்35 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அதனால் புரதத்தின் 620ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பரஜின் வந்துவிடுகிறது. 796இல் ஒன்று. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து இது வந்தாலே போதும், நோய் வர வாய்ப்பு உண்டு.

இந்த மாற்றம் இருந்தாலும் ரெட்ரோமர் கூட்டு உடைவதில்லை, மூன்று பேரும் சேர்ந்தேதான் நிற்கிறார்கள். ஆனால் வாஷ் கூட்டைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. சில பெட்டிகள் நேரத்துக்குத் திரும்புவதில்லை. அதோடு, பார்க்கின்சன் நோயோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்ட எல்ஆர்ஆர்கே2 என்ற நொதியின் வேகம் இந்த மாற்றத்தால் அதிகமாகிறது என்று 2018இல் தெரியவந்தது. தனித்தனி என்று நினைத்த இரண்டு மரபணுக்கள் ஒரே தெருக்காரர்கள் என்று தெரிந்ததில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய உற்சாகம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தங்கை மகளும் உடனே, "அப்போ கை நடுங்குறவங்களுக்கெல்லாம் இதுதான் காரணமா?" என்று கேட்டாள். இல்லை. பார்க்கின்சன் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த மாற்றம் கிடையாது. இது மிக அரிது. கை நடுக்கத்துக்கே பார்க்கின்சன் தவிர வேறு பல காரணங்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்கு நடுக்கம் என்றால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. அரிதான குடும்பங்கள் ஏன் முக்கியம் என்றால், நோய் எந்த வழியாக நடக்கிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

அல்சைமர் நோயிலும் இதன் நிழல் உண்டு. நோயாளிகளின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஒரு பகுதியில் ரெட்ரோமர் புரதங்கள் குறைவாக இருப்பதை 2005இல் ஸ்காட் ஸ்மாலின் குழு கண்டது. அந்த நோயில் சேரும் அமிலாய்டு துண்டுகள் ஒரு தாய்ப்புரதத்தை வெட்டுவதால் வருகின்றன. அந்த வெட்டு எண்டோசோமில் அதிகம் நடக்கிறது. தாய்ப்புரதத்தை எண்டோசோமில் நெடுநேரம் நிற்கவிடாமல் வெளியே கொண்டுபோக உதவும் ஏற்பி ஒன்று உண்டு, சார்லா என்று பெயர். அதை ரெட்ரோமர்தான் ஏற்றிக்கொண்டு போகிறது. சார்லாவின் மரபணு அல்சைமரோடு தொடர்புடையது என்பது 2007இல் வெளிவந்தது. இதில் எனக்கு வியப்பான விஷயம் வேறு. சார்லாவின் உடலில் ஒரு பகுதி, ஈஸ்ட்டின் அந்த 10ஆம் எண் ஏற்பிக்கு உறவு. ஆப்ப மாவில் நொதி தூக்கிக்கொண்டு போகும் பெட்டியின் தூரத்துச் சொந்தக்காரர் நம் மூளையில் வேலை பார்க்கிறார்.

பிற செல்களைவிட நரம்பு செல்லுக்கு ஏன் இதில் அடி அதிகம் என்பதற்கு ஒரு கோணம் சொல்லலாம். தோல் செல் கெட்டால் புதுசு வரும். மூளையின் பெரும்பாலான நரம்பு செல்கள் நம்மோடு பிறந்து நம்மோடே முதுமை அடைகின்றன. அவற்றின் கிளைகளும் நீளமானவை. எழுபது வருடம் ஓடும் ஒரு வழியில் தினம் இரண்டு பெட்டி திரும்பாமல் போனால் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

திரும்பும் வழி என்று ஒன்று இருந்தால் அதில் ஓசியில் ஏறுகிறவர்களும் இருப்பார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் செல்லுக்குள் வந்ததும் லைசோசோமில் செரிக்கப்படாமல் தப்ப வேண்டும். அது தன் உறைப் புரதத்தின் ஒரு பகுதியைச் சவ்வைத் துளைத்து வெளியே நீட்டி, ரெட்ரோமரைப் பிடித்துக்கொண்டு கோல்கிப் பக்கம் போய்விடுகிறது. பெட்டியில் போலி எழுத்து எழுதிக்கொண்டு லாரியில் ஏறின மாதிரி. லீஜியனெல்லா என்ற நிமோனியாக் கிருமி வேறு ரகம். அது ஏறுவதில்லை, வண்டியை நிறுத்துகிறது. தன் புரதம் ஒன்றை அனுப்பி விபிஎஸ்29இல் மாட்டிவிடும். ரெட்ரோமரின் வேலை தடைப்படும். கிருமி வளர வசதியாகிவிடும்.

மருந்து ஏதும் உண்டா என்றால், நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் நிலையில் இன்னும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு யோசனை நடக்கிறது. விபிஎஸ்35உம் 29உம் சேரும் மூட்டில் போய் உட்கார்ந்து, ஆணி அடித்த மாதிரி இரண்டையும் பிரியாமல் வைக்கும் சிறு மூலக்கூறு ஒன்றை 2014இல் உருவாக்கினார்கள். தட்டில் வளர்த்த நரம்பு செல்களில் அது ரெட்ரோமரின் அளவைக் கூட்டியது, அமிலாய்டு துண்டுகளைக் குறைத்தது. தட்டிலிருந்து மனிதர் வரை உள்ள தூரம் நீண்டது.

பெட்டி, ஏலம், லாரி என்று சொல்லிக்கொண்டே வந்ததில் ஒரு தப்பான எண்ணம் வந்துவிடக்கூடாது. தங்கை மகள் அதைச் சரியாகப் பிடித்தாள். "மாமா, ஏலத்துல கத்தி விக்க ஒரு ஆள் இருக்காரு. பெட்டி எங்க போவணும்னு பாக்க ஆள் இருக்கு. செல்லுக்குள்ள யாரு பாக்குறா?"

யாரும் பார்ப்பதில்லை. மேற்பார்வையாளர் என்று ஒருவர் அங்கே கிடையாது. விபிஎஸ்35உக்குக் கண்ணும் இல்லை, எண்ணமும் இல்லை. செல்லுக்குள் எல்லாமே வெப்பத்தால் இடைவிடாமல் ஆடி மோதிக்கொண்டே இருக்கிறது. ஒரு நெக்சின் ஆயிரம் வால்களில் மோதும், பொருந்தாததில் கணநேரம் தட்டி விலகும், பொருந்தியதில் கொஞ்சம் அதிக நேரம் ஒட்டி நிற்கும். அந்தக் கொஞ்சநேரத்துக்குள் ரெட்ரோமர் வந்து ஒட்டினால் பிடி இறுகும். பக்கத்தில் இன்னொன்று ஒட்டும். வளைவு எழும்பும், குழாய் நீளும், அறுந்து போகும். தவறான பெட்டியும் சிலசமயம் ஏறத்தான் செய்யும். அது அடுத்த சுற்றில் திரும்பும். "எழுத்தைப் படிக்கிறது" என்று நான் எழுதியதெல்லாம் "ஒட்டும் நேரம் கூடுகிறது" என்பதற்குச் செல்லமாகச் சொன்ன பெயர்தான்.

"அப்போ அந்த 35 இல்லவே இல்லன்னா?" என்றாள். எலியில் செய்துபார்த்திருக்கிறார்கள். விபிஎஸ்35 மரபணுவின் இரண்டு பிரதியும் இல்லாத எலிக்குட்டி பிறப்பதே இல்லை. கருவிலேயே, வளர ஆரம்பித்த சில நாட்களில், நின்றுவிடுகிறது. அவள் நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். வெளியே மீன்கார அக்காவின் குரல் கேட்டது. அன்றைக்குப் பெட்டி இருந்தது.